இன்னம் படிப்பு முடியல்லயா?

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்களில் ஆறு பேராவது என் தாத்தாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். "எனத்த புள்ள, இன்னம் படிப்பு முடியல்லயா?" வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்த தாத்தா ஒவ்வொரு முறையும் சிரித்தபடி, "இன்னம் கொஞ்சம் ஈக்கி" என்று சொன்னார். ஏழாவது ஆளும் கேட்டபோது தட்டை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

கேட்டவர்கள் மேல் பிழை இல்லை. தாத்தா விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றுவிட்டார். கறுப்பு அங்கியுடன் எடுத்த படம் எங்கள் ஹோலில் தொங்குகிறது. பட்டமளிப்பு விழா முடிந்தால் படிப்பு முடிந்தது என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதற்குப் பிறகும் தினமும் காலை ஆறரைக்குச் சோற்றுப் பார்சலோடு கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி எங்கே போகிறார், அங்கே என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரைக்காகத்தான் முதன்முறையாகக் கேட்டேன். தாத்தாவிடம் தொடங்கி, பட்டத்துக்குப் பிறகும் படித்துக்கொண்டிருக்கும் இன்னும் மூன்று பேரிடமும் கேட்டேன்.

முதலில் ஏணியைப் பார்ப்போம். இலங்கையின் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு படிகளாக வகுத்திருக்கிறார்கள். சாதாரண தரம் முதலாவது படி, நாம் மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டிருக்கும் உயர்தரம் இரண்டாவது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாவது படியில் இருக்கிறது. ஆக, பட்டதாரி என்று நாம் அண்ணாந்து பார்ப்பவர் நிற்பது ஏணியின் சரிபாதியில்! அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழும் டிப்ளோமாவும், ஒன்பதிலும் பத்திலும் முதுமாணி, பதினொன்றில் முதுதத்துவமாணி, பன்னிரண்டில் கலாநிதி. தாத்தா பதினோராவது படியில் ஒரு காலை வைத்திருக்கிறார்.

கண்டியில் இருப்பவர்களுக்கு இந்த மேற்படிகள் தூரத்து விடயங்கள் அல்ல. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அங்கே விவசாயத்துக்கான பட்டப்பின் கல்வி நிறுவனம் 1975இலும், விஞ்ஞானத்துக்கானது 1996இலும் ஆரம்பிக்கப்பட்டன. மனிதப் பண்பியலுக்கும் சமூக விஞ்ஞானத்துக்கும் தனி நிறுவனம் இருக்கிறது. ஹந்தானை வீதியில் ஏறினால், 1981இல் தொடங்கிய தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நாம் சுற்றுலா போவதாக நினைத்துக்கொண்டு பூந்தோட்டத்துக்குப் போகும் அதே பஸ்ஸில், ஒரு பையில் கணினியும் மறு பையில் பகல் சாப்பாடும் வைத்துக்கொண்டு இவர்களும் வருகிறார்கள். நாம்தான் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

மேற்படிப்பு என்றால் இன்னும் பெரிய புத்தகம், இன்னும் கடினமான பரீட்சை என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதுமாணியில் பாடங்களும் பரீட்சைகளும் இருப்பது உண்மைதான். ஆனால் ஆய்வு தொடங்கும் இடத்தில் அந்தப் பழக்கம் எதுவும் உதவாது. நாங்கள் டியூசனில் பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு புள்ளித்திட்டம் இருக்கிறது, விடை அதில் இருக்கிறது, நாம் அதைக் கண்டுபிடித்தால் போதும் என்பது நமது நம்பிக்கை. ஆய்வு மாணவரின் கேள்விக்கு விடை யாரிடமும் இல்லை. மேற்பார்வையாளரான பேராசிரியரிடமும் இல்லை. இருந்தால் அது ஆய்வாகாது. தாத்தா இதைச் சொன்னபோது எனக்கு இலேசாக வயிற்றைக் கலக்கியது.

தாத்தாவின் கேள்வி கிணற்றுத் தண்ணீரைப் பற்றியது. வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து, காரணம் தெளிவாகாத ஒரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளுக்கும் அது வந்தது. தண்ணீரின் கடினத்தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வற்றிப்போகும் அளவுக்கு வேலை செய்வது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒற்றை விடை இன்றுவரை இல்லை. அந்தப் பெரிய கேள்வியின் ஒரு மிகச் சிறிய மூலையில் தாத்தா வேலை செய்கிறார். மதவாச்சிப் பக்கத்தில் 32 கிணறுகளின் தண்ணீரில் எந்தெந்த உலோகங்கள் எவ்வளவு கரைந்திருக்கின்றன, மழைக்காலத்துக்கும் வரட்சிக்கும் இடையில் அந்த அளவு எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கிறார்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. போத்தலில் தண்ணீர் எடுத்து இயந்திரத்தில் வைத்தால் விடை வந்துவிடாதா என்றுதான் நானும் கேட்டேன். தாத்தா போத்தலிலிருந்தே ஆரம்பித்தார். போத்தலை முதலில் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். பிறகு அயனகற்றிய நீரால் பல தடவை அலச வேண்டும். கிணற்றடியில் மாதிரியை எடுத்தவுடன் சில துளி நைத்திரிக் அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்திருக்கும் உலோகம் போத்தலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐஸ் பெட்டியில் வைத்துக் கண்டிக்குக் கொண்டுவர வேண்டும். உலோகங்களை அளக்கும் கருவி விலை மிகுந்தது, பல ஆய்வாளர்களுக்குப் பொதுவானது. நாள் பதிந்து, தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் பார்மசியில் நம்பர் எடுத்துக்கொண்டு நிற்பதுபோல, ஆனால் வாரக்கணக்கில்.

இத்தனைக்கும் நடுவில் "வெற்று மாதிரி" என்று ஒன்று இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் எதுவும் சேராத சுத்தமான நீரையும் அதே மாதிரிப் போத்தலில் அடைத்து, அதே அமிலம் விட்டு, அதே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அளப்பார்கள். அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால், எங்கோ கைபட்ட இடத்திலோ போத்தலிலோ கலப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். சென்ற வருடம் தாத்தாவின் வெற்று மாதிரியில் நாகம் இருந்தது. கொஞ்சமல்ல, கிணற்று நீரில் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக. அந்தத் தொகுதியில் நாகத்துக்கான மூன்று மாத அளவீடுகள் அத்தனையும் ஒரு பிற்பகலில் வீணாகின. பிழை யாருடையதும் அல்ல, தன்னுடையதுதான் என்று தாத்தாவே சொல்கிறார். பயன்படுத்திய கையுறையின் தூளாக இருக்கலாம் என்பது அவரது சந்தேகம். அன்று இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டார். தலைவலி என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

அந்த வாரத்தில்தான் ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் பண்பாகத்தான் கேட்டார்கள்: "படிப்பு எப்ப முடியும்?" வாப்பா தாத்தாவின் முகத்தைப் பார்த்தார். தாத்தா, "தெரியாது" என்றார். தேநீர்க் கோப்பைகள் மட்டும் சத்தம் போட்டன. அவர்கள் போன பிறகு வாப்பா கோபப்பட்டார். "ஒரு வருஷத்தில எண்டு சென்னா எனத்த? நாலு வருஷம் கெம்பஸ் போன புள்ளைக்கு எப்ப முடியும் எண்டு தெரியாதா?"

தாத்தா அழவில்லை. வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்று மாதிரியின் கதையைச் சொன்னார். வாப்பாவுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம். பாதிக் கதையிலேயே நிறுத்தச் சொன்னார். "வெறுந்தட்டில முள் நடுவில நிக்கல்ல, அதானே? அந்தத் தராசில அண்டைக்கு நிறுத்த சாமான் எல்லாத்தையும் திரும்ப நிறுக்கணும்" என்றார். தாத்தா அசந்துபோனார். தன் மேற்பார்வையாளர் ஒரு மணித்தியாலம் விளக்கியதை வாப்பா ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் வாப்பாதான் பதில் சொல்கிறார். சில நேரம் தேவைக்கு அதிகமாகவே சொல்கிறார்.

"எப்ப முடியும்?" என்ற கேள்விக்குத் துறைக்குத் துறை விடை மாறுகிறது. காத்திருக்கும் பொருள் மாறுவதே காரணம் என்பது அடுத்த வீட்டு அக்காவிடம் பேசியபோது எனக்கு விளங்கியது. அவர் விவசாயத்தில் ஆய்வு செய்கிறார். பயறு விதைத்து, எவ்வளவு பசளைக்கு எவ்வளவு விளைச்சல் என்று பார்ப்பது அவரது வேலை. வயல் மஹா இலுப்பள்ளமவில். ஆய்வுகூடத்தில் ஒன்று பிழைத்தால் அடுத்த கிழமை மீண்டும் செய்யலாம். வயலில் பிழைத்தால் பெரும்போகம் போய்ச் சிறுபோகம் வரவேண்டும். ஆறு மாதம்! அவர் விதைத்த முதலாவது போகத்தில் முளை வரும் வேளையில் மயில்கள் கூட்டமாக இறங்கின. "நீங்கள் மயிலைப் பார்த்தால் அழகு என்பீர்கள், நான் பார்த்தால் என் முதுமாணியின் அரைவாசி என்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வயல் ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் நியாய உணர்வு. ஒரே வயலில் ஒரு மூலை ஈரமாகவும் மறு மூலை மேடாகவும் இருக்கும். அதிக பசளை போட்ட பாத்தி தற்செயலாக ஈரமான மூலையில் விழுந்தால், விளைந்தது பசளையாலா தண்ணீராலா என்று தெரியாது. அதனால் வயலை நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லாப் பசளை அளவுகளையும் வைத்து, எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்கிறார்கள். ஆய்வாளருக்குப் பிடித்த விடைக்கு நல்ல நிலம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆர். ஏ. ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் 1920களில் ரொதம்ஸ்டெட் விவசாய நிலையத்தில் வேலை செய்தபோது உருவாக்கிய முறை இது. இன்று மருந்துகளைச் சோதிப்பதிலும் இதே குலுக்கல்தான். மருந்துக்கு முந்தியது கிழங்கு வயல் என்பது எனக்குப் புதிய செய்தி.

எங்கள் அயலில் இருக்கும் ஒரு தமிழ் ஆசிரியையின் கதை முற்றிலும் வேறு. அவருக்கு இயந்திரமும் இல்லை, வயலும் இல்லை, முழுநேரமும் இல்லை. வாரநாளில் பாடசாலை, வாரஇறுதியில் முதுமாணி விரிவுரை, நடுவில் இரண்டு பிள்ளைகள், தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு. அவரது ஆய்வு கண்டி முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ். அதற்காக எங்கள் உம்மும்மாவையே வந்து ஒலிப்பதிவு செய்தார்! "எனத்தப் பேச?" என்று உம்மும்மா கேட்டதும், "இதுதான் வேணும்" என்று ஆசிரியை துள்ளிவிட்டார். உம்மும்மா ஒரு மணித்தியாலம் தன் கலியாண நாளைப் பற்றிப் பேசினார். அதைச் சொல்லுக்குச் சொல் கேட்டு எழுத ஆசிரியைக்கு இரண்டு வாரஇறுதிகள் போயின. கேட்டு எழுதுவதில் அவசரப்பட்டால் "ஈக்கி" என்பதைக் கை தானாகவே "இருக்கிறது" என்று எழுதிவிடுமாம். அப்படி எழுதினால் ஆய்வே போச்சு. நாங்கள் வகுப்பில் "கொச்சை" என்று திருத்தப்படும் சொற்களை ஒருவர் பொன் நிறுப்பதுபோல் குறித்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். உம்மும்மாவுக்கோ ஒரே பெருமை. தன் பேச்சைக் கெம்பஸில் படிக்கிறார்கள் என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

கலைத்துறை ஆய்வாளருக்கு உதவியாளர் குழு இல்லை. ஆய்வுகூடத்தில் தாத்தாவோடு இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், கண்ணீர் வந்தால் தேநீர் வாங்கித் தருவார்கள். ஆசிரியைக்கு இரவு பதினொரு மணிக்குக் கிடைப்பது மேசையும் விளக்கும்தான். பழைய பத்திரிகை வேண்டுமென்றால் கொழும்புச் சுவடிகள் கூடத்துக்குப் போக வேண்டும், அதற்குப் பாடசாலையில் லீவு எடுக்க வேண்டும். ஒரு புத்தகம் கிடைக்காமல் ஓர் அத்தியாயம் மாதக்கணக்கில் நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா இருப்பதுபோல் தெரியும். பெற்றோர்கள் கலைப்பிரிவை "இலேசான பிரிவு" என்று சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உயிரியல் பிரிவில் படிக்கும் நானே அப்படி நினைத்ததுண்டு. ஆசிரியையின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வராது.

இந்தத் தனிமையில் விளைந்த சில பெரிய காரியங்கள் நமக்கு மிக நெருங்கியவை. பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு என்ற பொருளில் முதுமாணி ஆய்வு செய்தார். அது 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. முஸ்லிம் புலவர்களின் காப்பியங்களும் படைப்போர்களும் முனாஜாத்துகளும் பாடத்திட்டங்களில் ஓரத்தில்கூட இடம்பெறாத காலம் அது. எந்த நூல்கள் இருக்கின்றன என்ற பட்டியலிலிருந்தே தேடல் தொடங்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் கலாநிதியாகி, 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கையின் முதற் பேராசிரியரானார். இன்று நாங்கள் சீறாப்புராணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது நூலகத்தில் கையில் எடுக்கும் இலக்கிய வரலாறுகளின் வேர் அந்த ஒரு முதுமாணி ஆய்வில் இருக்கிறது.

இன்னொரு கதை இதைவிட விசித்திரமானது. பேராதனையில் தமிழ் படித்த கைலாசபதியும் சிவத்தம்பியும் கலாநிதிப் பட்டத்துக்குப் போனது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு. சங்க இலக்கியத்தைப் படிக்க அங்கே ஏன்? அங்கே ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியர் இருந்தார். ஹோமரின் வீரப் பாடல்களையும் கிரேக்க நாடகத்தையும் அவற்றைப் பாடிய சமூகத்தோடு சேர்த்துப் படித்தவர் அவர். அதே கண்ணால் கைலாசபதி புறநானூற்று உலகத்தைப் பார்த்தார். அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். எந்த ஊர், எந்தப் பெரிய பல்கலைக்கழகம் என்பதைவிட எந்த ஆசிரியரிடம் போகிறோம் என்பதே ஆய்வில் முக்கியம் என்று நான் கேட்ட நால்வரும் சொன்னார்கள். நாங்களோ இசட் புள்ளி வந்தவுடன் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்கிறோம்.

நாலாவது ஆள் என் சாச்சியின் மகன். அவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். டொக்டர். பட்டமும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடித்து, தெரிவுப் பரீட்சை எழுதி, விசேட வைத்திய நிபுணராவதற்கான பயிற்சியில் இருக்கிறார். மருத்துவத்தின் பட்டப்பின் படிப்பைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்துகிறது. ஆனால் வகுப்பறை என்பது நாட்டின் பெரிய வைத்தியசாலைகளின் வார்டுகள்தான். மற்ற மூவரிடமிருந்தும் இவர் வேறுபடுவது இரண்டு விடயங்களில். ஒன்று, படிக்கும் காலத்திலும் அரசாங்கச் சம்பளம் வருகிறது. இரண்டு, அவருக்கு வழி கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கிறது: இத்தனை வருடப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, சிரேஷ்ட பதிவாளராக வேலை, வெளிநாட்டில் பயிற்சி, பிறகு நிபுணர் சான்றிதழ். "எப்ப முடியும்?" என்று கேட்டால் அவர் திகதி சொல்லுவார். ஆனால் தூக்கம் எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்வு நாற்காலியில் தூங்கிவிட்டார். மிச்சத்தைச் சாச்சிதான் சொன்னார்.

பணத்தைப் பற்றி யாரும் முதலில் பேச விரும்பவில்லை. எனக்கோ அதுதான் தெரிய வேண்டியிருந்தது. முழுநேர ஆய்வு மாணவருக்குப் பெரும்பாலும் மேற்பார்வையாளர் பெற்ற ஆய்வு மானியத்திலிருந்து ஒரு கொடுப்பனவு வரும். தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவை அத்தகைய மானியங்களை வழங்குகின்றன. மானியத்துக்கு முடிவுத் திகதி உண்டு, ஆய்வு அந்தத் திகதியைப் பார்த்து முடிவதில்லை. இடைவெளியை நிரப்பச் சிலர் தற்காலிக விரிவுரையாளராகவும், சிலர் டியூசன் ஆசிரியராகவும் ஆகிறார்கள். தாத்தா இரண்டு பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுத்தார். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தாண்டியபோது, பல்கலைக்கழகங்களில் இறக்குமதி இரசாயனத்தை நம்பியிருந்த ஆய்வு மாணவர்கள் எல்லோருடைய கணக்கும் குழம்பியது. மிச்சமிருந்த ஒரு போத்தல் கரைப்பானை மூன்று ஆய்வுகூடங்கள் பங்குபோட்டுக்கொண்ட கதையைத் தாத்தாவின் மூத்த மாணவி ஒருவர் சொன்னாராம்.

வெளிநாடு போகிறவர்களின் கதை தனி. பொறியியல் படித்தவர்கள் பலர் அந்த வழியைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் முதற்பட்டத்திலிருந்து நேரடியாகக் கலாநிதிப் படிப்பில் சேரலாம். முதல் இரண்டு வருடம் பாடங்கள், தகுதிப் பரீட்சை, பிறகு ஆய்வு என்று ஐந்தாறு வருடம் போகும். ஆனால் இளநிலை மாணவர்களுக்குப் படிப்பித்தால் கட்டணத்தை விட்டுக்கொடுத்து வாழ்க்கைச் செலவுக்கும் தருகிறார்கள். பிரித்தானிய முறையில் பாடங்கள் குறைவு, மூன்று நான்கு வருடத்தில் ஆய்வேடு, பிறகு இரண்டு பரீட்சகர்களின் முன் வாய்மொழிப் பரீட்சை. போனவர்களில் திரும்பி வந்தவர்களையும் சொல்ல வேண்டும். அழகையா துரைராஜா அவர்கள் கேம்பிரிட்ஜில் மண்ணியக்கவியல் ஆய்வு மாணவராக இருந்தபோது ஆராய்ந்தது களிமண்ணை. அழுத்தும்போது அது எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றி ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவருடனும் சேர்ந்து அவர் எழுதிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் பொறியியலாளர்கள் குறிப்பிடும் ஒன்று. நாடு திரும்பிப் பேராதனைப் பொறியியல் பீடத்தில் படிப்பித்து, பீடாதிபதியாகி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். மழை பிடித்தால் எங்கே மண்மேடு சரியுமோ என்று பயந்து படுக்கும் எங்கள் மலைப்பகுதிக்கு, மண்ணைப் படித்த ஒருவரின் அருமை தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, பெற்றோர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மனத்தில் ஓடும் விடயத்துக்கு வருகிறேன். பெண்பிள்ளை, வயது, நேரம். இதை மூடி மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. தாத்தாவின் கருவிக்கு ஒருநாள் மாலை நேரம்தான் கிடைத்தது. அளவீடு முடிய இரவு எட்டு மணி. உம்மா வாசலிலேயே நின்றார். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வானில் போய்க் கூட்டிவந்தார். மதவாச்சிக்கு மாதிரி எடுக்கப் போவதற்கு முன் வீட்டில் ஒரு கூட்டமே நடந்தது: யார் யார் வருகிறார்கள், இரவு எங்கே தங்குவது, வேறு பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. தாத்தா கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மேற்பார்வையாளரின் தொலைபேசி இலக்கத்தை உம்மாவிடமே கொடுத்தார். முதல் பயணத்துக்கு உம்மா மூன்று தடவை கோல் எடுத்தார், நான்காவது பயணத்தில் ஐஸ் பெட்டியில் மாதிரிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் சர்பத் போத்தலையும் வைக்கலாமா என்று மட்டும் கேட்டார். (வைக்கக்கூடாது.)

எனக்குப் படுவது இதுதான். எங்கள் வீட்டார் மேற்படிப்புக்கு எதிரானவர்கள் அல்ல. அவர்களுக்கு அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, நாங்களும் சொல்வதில்லை. டொக்டர் நானா தூக்கமில்லாமல் வந்தால், வார்டில் இருந்தார் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. அவருக்குத் தனித் தட்டில் சோறு மூடி வைக்கப்படுகிறது. தாத்தாவின் மூன்று மாதம் போனபோது ஆறுதல் சொல்லக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் என்ன போனதென்றே தெரியவில்லை. அந்த வாரத்தில் விட்டுவிடலாம் என்று யோசித்ததாகத் தாத்தா இப்போதுதான் என்னிடம் சொன்னார். விலகல் கடிதத்தைக்கூட எழுதி வைத்திருந்தாராம்.

நான் அடுத்த வருடம் பரீட்சை எழுதுகிறேன். நால்வரிடமும் கேட்ட கடைசிக் கேள்வி, "நான் எதைத் தெரிவுசெய்யலாம்?" என்பது. யாரும் நேரான பதில் தரவில்லை. அக்கா மட்டும் திருப்பிக் கேட்டார்: "உனக்கு எதற்காகக் காத்திருக்கப் பொறுமை இருக்கிறது?" இரண்டு வாரமாக அதை யோசிக்கிறேன். மயிலுக்காக இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஓகஸ்டில் தாத்தா வரட்சிக்கால மாதிரிகளை எடுத்து முடித்துவிட்டார். இந்தமுறை வெற்று மாதிரி சுத்தம். சென்ற வெள்ளிக்கிழமை உம்மும்மா மறுபடியும் கேட்டார், படிப்பு எப்ப முடியும் மகள் என்று. "அங்கால மழை பெய்யணும் உம்மும்மா" என்றார் தாத்தா. உம்மும்மா ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். வட மத்தியில் மழைக்குப் பின் கிணறுகள் நிரம்ப ஜனவரியாகும். அதே 32 கிணறுகள். வாப்பா இப்போதே வான் பேசிவிட்டார்.